ஆற்றுப்படையும் துவிச்சக்கர வண்டியும்

நெடுவழி செல்வோர்க்கு வழி வகுத்துரைத்தல் தமிழர்க்குப் புதியதொரு கலையன்று. பத்துப்பாட்டிற் பாதி அதற்கென்றே எழுந்தது. திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும், சென்று வந்தவன் செல்ல விரும்புவானுக்குக் கூறும் வழியுரைகளே. ஆயினும் அவற்றைப் புரவலன் புகழ் பாடும் நூல்கள் என்று மட்டும் வகுப்பறையிற் கற்பித்து முடித்துவிடுகிறோம். பாட்டுடைத் தலைவன் யார், பாடியவர் யார், அடி எத்தனை என்பவற்றை மாணாக்கன் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிடுகிறான். வழியைப் பற்றி அவனை எவரும் வினவுவதில்லை.

பாரிசு மாநகரில் தொழில் புரியும் என் பழைய மாணவர் ஒருவர், மஸ்கெலியாத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து வளர்ந்தவர், தாம் துவிச்சக்கர வண்டியிற் செல்லவிருந்த நெடும்பயணத்தின் திட்டத்தைச் சென்ற ஆண்டு எனக்கு அனுப்பியிருந்தார். பிரான்சு நாட்டில் லுவார் என்னும் பேராற்றின் கரையோடு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளத்திற்குத் துவிச்சக்கர வண்டிகளுக்கென ஒரு வழி வகுக்கப்பட்டுள்ளது. அதன் ஒரு பகுதியைக் கடத்தல் அவர் நோக்கம். தூரக் கணக்கும் நாட்கணக்குமாக ஓர் அட்டவணையையே நான் எதிர்பார்த்தேன். வந்ததோ வேறு. அட்லாண்டிக் கடலிலிருந்து மேல்காற்று வீசுதலால், ஆறு ஓடும் திசையிற் செல்வதினும் கடலை முதுகின்பின் விட்டு உள்நாடு நோக்கி ஏறுதல் பலருக்கு எளிதாம். சிற்றூர்களில் நண்பகலிற் கடைகள் அடைக்கப்படுமாம். ரொட்டிக் கடைக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வுண்டாம். ஆதலின் எந்த ஊரை எந்தக் கிழமையில் அடைவது என்று முன்னரே கணித்தல் வேண்டும். தாகம் மிகுந்து ஊரில் ஒருவரையும் காணாவிடின் இடுகாட்டைத் தேடிச் செல்லலாம்; அங்கே பூச்செடிகளுக்கு நீர் வார்க்கும் குழாய் இருக்கும். இடுகாட்டில் நீரருந்தும் யோசனையை நம் ஊர்ப் பாட்டிமார் கேட்டால் என்ன சொல்வார்களோ, நானறியேன். எனினும் அந்தத் தாள்களைப் படித்து முடித்தபோது, இஃது ஓர் ஆற்றுப்படை என்றே என் உள்ளம் சொல்லிற்று.

மலைபடுகடாத்தைக் கையிலெடுத்து நோக்குக. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளில், நன்னனது கொடையினும் நன்னனிடம் செல்லும் மலைவழியே பேரிடம் பெறுகின்றது. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்பு உறையும் குழி, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும் இடம், வழுக்கும் பாறையில் எதனைப் பற்றி இறங்குவது, இரவை எங்கே கழிப்பது, எவ்வூரார் என்ன உணவு தருவர் என்றெல்லாம் புலவர் ஒன்றும் விடாமற் சொல்கிறார். சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் நிலத்துக்கு நிலம் கிடைக்கும் உணவைப் பெயர் சுட்டியே உரைக்கின்றன. தூரத்தை அளந்து கூறும் நிலப்படத்திற்கும், வழியில் யாரைக் காண்பாய், அவர் உனக்கு என்ன தருவர் என்று கூறும் ஆற்றுப்படைக்கும் வேறுபாடு பெரிது. இக்காலத்துக் கைத்தொலைபேசி முன்னதில் வல்லது. இரண்டு ஊர்ப் பெயரைக் கேட்டதும் மிகக் குறுகிய கோட்டை இழுத்துக் காட்டிவிடும். அந்தக் கோட்டின் மேல் நிழல் உண்டா, நீர் உண்டா, நல்ல மனிதர் உண்டா என்று அதனைக் கேட்டால், காசு கொடுத்து உண்ணும் கடையைக் காட்டும், அவ்வளவே.

பிரான்சு நாட்டார் வழி வகுக்கும் முறையில் நாம் கருதத்தக்கது மற்றொன்றுண்டு. அவர்கள் இவ்வழிகளிற் பெரும்பாலானவற்றைப் புதிதாக வெட்டவில்லை. பழைய உழைப்பின் தடங்களையே மீட்டெடுத்தனர். தூலூசு நகரத்திலிருந்து செத் துறைமுகம் வரை 240 கிலோமீற்றர் நீளும் தென்கால்வாய், பியர் போல் ரிக்கே என்பவரது முயற்சியால் 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்டது. அதன் கரையிற் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற குதிரைகளின் தடம் இன்று துவிச்சக்கர வண்டிகள் செல்லும் வழியாயிற்று. பர்கண்டி முதலிய நாட்டுப்புறங்களில், கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளின் தண்டவாளங்களைப் பெயர்த்து அந்த மேடையையே பசுவழி ஆக்கினர். புகைவண்டி செங்குத்தாக ஏறமாட்டாது; ஆதலின் அது சென்ற தடம் மிதிப்பார்க்கும் இசைந்ததாயிற்று. நம் மலையகத்திலும் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் சென்ற குறுகிய இருப்புப் பாதை ஒன்றிருந்து 1940-களில் மூடப்பட்டது. அது போன தடத்தை ஆராய்வார் எவரேனும் உளரா என்று அவ்வப்போது நினைப்பதுண்டு. அது தனியே எழுதத்தக்க பொருள்.

மலையகத்தில் வழி வகுக்கும் முயற்சியே இல்லை என்று கூறுதல் தகாது. பெக்கோ வழி எனப் பெயர் சூட்டிய நடைபாதையொன்று 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல், கண்டிக்கு அணித்தான ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை வளைந்து செல்கிறது. நமக்கு அயலிலுள்ள கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை ஆகியவற்றை அது தொடுகின்றது. தோட்டக்காரர் பயன்படுத்திய பழைய தடங்களையே அதுவும் இணைத்தது. வெளிநாட்டார் வருவர், வழியோரத்து மக்களுக்குச் சிறிது வருவாயும் கிட்டும், நன்றே. எனினும் அது நம் வீட்டு முற்றத்தைப் பிறர் வந்து காணும் வழி. நம் பிள்ளைகள் புறப்பட்டுச் செல்லும் வழி வேறொன்று வேண்டும். அது தலைமன்னாரில் தொடங்கவேண்டும் என்பது என் துணிபு.

காரணம் வெளிப்படை. 1823-ஆம் ஆண்டு தொட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட நம் முன்னோர், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து நடந்து கடற்கரை சேர்ந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி மீண்டும் நடந்தனர். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்னும் பெயர்கள் இன்று பேரூந்து நிலையங்களின் பெயர்கள். அன்று அவை ஒவ்வொன்றும் எத்தனை பேர் எஞ்சினர் என்று எண்ணிப் பார்க்கும் இடங்கள். பேதியும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே வீழ்த்தின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி கைவிடப்பட்டுத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வரும் கப்பல் வழி முதன்மை பெற்றது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியபின், நடந்து வந்த தலைமுறையின் நினைவு மெல்ல மங்கிற்று. இரு நூற்றாண்டு நிறைவையொட்டி 2023-ஆம் ஆண்டு யூலை 28 முதல் ஓகத்து 12 வரை பதினாறு நாள், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றரை மலையக மக்களும் அவர்தம் நண்பரும் நடந்து கடந்தனர். அந்நடைபயணத்தின் செய்தியைப் பத்திரிகையிற் படித்த என் மாணாக்கர் சிலர், ஐயா, நாங்கள் வண்டியிற் போனால் என்ன என்று கேட்டனர். இக்கட்டுரைக்கு வித்து அதுவே.

இக்கருத்தை ஆசிரிய நண்பரிடை வெளியிட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. வயதில் மூத்த ஒருவர், "பண்டிதர், நம்முடைய ஆட்கள் செத்து விழுந்த ரோட்டிலே பிள்ளைகளைச் சைக்கிள் ஓடி விளையாட விடப் போகிறீர்களா?" என்று கேட்டார். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. துயரத்தின் தடத்தைப் பொழுதுபோக்கின் தடமாக்குதல் இழிவென்று அவர் கருதுகிறார். அக்கருத்தின் அடியிலே மெய்யான பக்தி உண்டு. எனினும் நான் அவரோடு உடன்படேன். அவ்வழியில் நடந்தவர்களுக்கு இல்லாதிருந்தது எது என்று எண்ணிப் பார்க்க. கால்கள் இருந்தன, உறுதியும் இருந்தது. எங்கே தங்குவது, எவ்வளவு தூரம் நடப்பது, நோயுற்றவனோடு ஒரு நாள் கூடத் தங்கலாமா, எந்தத் தோட்டத்திற்குச் செல்வது என்று தீர்மானிக்கும் உரிமை ஒன்றே இல்லை. அதனைக் கங்காணி தீர்மானித்தார். அவருக்குமேல் கடன் கணக்குத் தீர்மானித்தது. தன் வழியைத் தானே வகுத்தல் உரிமையுடையான் செயல். அந்த மக்களின் ஐந்தாம் தலைமுறைப் பெயரன் ஒரு தாளை விரித்து, முதல் நாள் இங்கே உறங்குவோம், இரண்டாம் நாள் இக்குளக்கரையில் உண்போம் என்று எழுதுவானாயின், முன்னோர்க்கு மறுக்கப்பட்டதை அவன் எடுத்துக்கொள்கிறான். மிதித்துச் செல்லும் ஏழு நாட்களினும், வழி வகுக்கும் ஏழு வாரங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

வண்டிக்கு எங்கே போவது என்பது அடுத்த வினா. மெய்யாகவே கடினமான வினா. யாழ்ப்பாணத்திற் பிறந்த பிள்ளைக்குத் துவிச்சக்கர வண்டி மூன்றாவது காலைப் போன்றது. மஸ்கெலியாவில் அப்படியன்று. லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் பாதை படிக்கட்டும் சரிவுமாகக் கிடக்க, வண்டியை உருட்டி ஏற்றுவதிலேயே பொழுது போய்விடும். 2022-இல் எரிபொருள் கிடையாது நாடு முழுதும் தவித்தபோது சமவெளியிற் பலர் வண்டிக்கு மாறினர். வண்டியின் விலையும் பன்மடங்கு ஏறிற்று. நம் மலையில் மக்கள் வழக்கம்போல் நடந்தனர். மேட்டு நிலத்தார்க்கு வண்டி பொருந்தாது என்பார்க்கு, பிரான்சு நாட்டு விடை ஒன்று உண்டு. வெலோசியோ என்னும் புனைபெயரால் அறியப்பட்ட போல் தெ விவி (1853–1930) மலைகள் சூழ்ந்த செந்தேத்தியன் நகரவாசி. 1887-இல் வண்டியோட்டிகளுக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். ஏற்றத்திற்கு ஒன்றும் இறக்கத்திற்கு ஒன்றுமாக மாற்றத்தக்க பல கியர்கள் வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் வாதிட்டார். தம் ஊருக்கு மேலுள்ள கணவாயில் ஏறி ஏறிச் சோதித்தும் காட்டினார். ஓட்டப் பந்தயத்தாரோ அதனை வலியற்றவர் கருவி என்று இகழ்ந்தனர். பிரான்சைச் சுற்றும் பெரும் பந்தயத்தில் அக்கருவிக்கு இடங்கிடைத்தது 1937-இலேதான். நுட்பம் மலையிலிருந்தே பிறந்தது என்பதை மலைநாட்டார் நாம் அறிந்துகொள்வது நன்று. பசிக்குமுன் உண், தாகத்திற்குமுன் பருகு என்ற கருத்தும் அவர் அறிவுரைகளில் ஒன்று. திருமூலர் மரபில் வந்தவர்க்கு இதில் வியப்பில்லை.

பெண் பிள்ளைகளும் இக்குழுவிற் செல்லல் வேண்டும். பெற்றோர் தயங்குவர், அத்தயக்கம் இயல்பே. 1990-களின் தொடக்கத்தில், நம்மவரிற் பலருடைய பாட்டன்மார் புறப்பட்டு வந்த அதே புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் துவிச்சக்கர வண்டி ஓட்டக் கற்றனர்; கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் அதில் இருந்தனர். பாட்டியின் ஊரில் நடந்தது பேர்த்திக்கு ஆகாதென்று எவ்வாறு கூறுவது?

இனித் திட்டத்தின் சில கூறுகள். தலைமன்னாரிலிருந்து மஸ்கெலியா வரை 350 கிலோமீற்றருக்கு மேல் வரும். பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று மீளும் புகழ்பெற்ற ஓட்டத்தில் 1,200 கிலோமீற்றரைத் தொண்ணூறு மணிக்குள் கடப்பர் என்று மாணாக்கர் என்னிடம் பெருமையுடன் கூறினர். 1891-இல் தொடங்கிய அவ்வோட்டம் அவர்களுக்கு இருக்கட்டும். நமக்கு ஏழு நாள் வேண்டும். புறப்படும் காலம் தை, மாசி. வைகாசி முதல் புரட்டாதி வரை மன்னார்க் கரையில் தென்மேல் காற்று ஓயாது. அங்கே காற்றாலைகளை நிறுத்தியவர்கள் காரணமின்றி நிறுத்தவில்லை. அக்காலத்தில் தெற்கு நோக்கி மிதிப்பவன் காற்றோடு மல்லாடவேண்டும். தை பிறந்தால் வடகீழ்க் காற்று முதுகிலே வீசும். மலையிலும் மழை குறைந்திருக்கும். முருங்கனைக் கடந்தபின் மதவாச்சி வரை வெயில் கடியது, நிழல் அரிது. விடியுமுன் புறப்பட்டு முற்பகலிலே அன்றைய தூரத்தை முடித்துவிடல் வேண்டும். மதவாச்சிக்குத் தெற்கே கெக்கிராவை வரை அந்தி சாய்ந்தபின் தெருவில் இருத்தல் ஆகாது. மலைபடுகடாத்துப் புலவர் யானைக்கு அஞ்சச் சொன்ன இடங்கள் பல. நம் அரசாங்கமும் வீதியோரத்தில் யானைப் படம் எழுதிய பலகைகளை நாட்டி அதனையே சொல்கிறது. மிகிந்தலை தொடங்கி நாவுலை வரை சிங்கள ஊர்கள். நம் பிள்ளைகள் சிங்களம் பேச வல்லவர். விகாரையிலும் பாடசாலையிலும் இடம் கேட்டுத் தங்குவதற்கு அஞ்சவேண்டியதில்லை. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோவில் இருக்கிறது. காட்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர் வழிபட்ட தாய் அவள். அங்கே ஒரு முழுநாள் தங்குக.

மாணாக்கர் தம் கையால் ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டே செல்லல் வேண்டும் என்பது நான் விதிக்கும் நிபந்தனை. கிணறு எங்கே, அதன் சொந்தக்காரர் நீர் தருகிறாரா, எந்தத் தேநீர்க் கடையில் வண்டியை நம்பி விடலாம், எவ்விடத்து முதியவர் பழங்கதை அறிவார் என்பவற்றை அதில் எழுதுக. ஊர்ப் பெயரை மக்கள் வழங்குமாறே எழுதுக. ஆங்கிலேயர் நிலப்படத்தில் டல்ஹவுசி என்று எழுதிய இடத்தை நாம் நல்லதண்ணி என்கிறோம். முன்னது ஒரு பிரபுவின் பட்டப் பெயர்; பின்னது வழிப்போக்கனுக்கு வேண்டிய செய்தி. மஸ்கெலியாவிலே மொக்கா என்றொரு தேயிலைத் தோட்டம். யேமன் நாட்டுக் கோப்பித் துறைமுகத்தின் பெயர் அது. கோப்பிச் செடி நோயுற்று அழிந்து நூறாண்டு கடந்தும் பெயர் மட்டும் தேயிலைக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறது. இத்தகையவற்றையெல்லாம் பிள்ளைகள் குறிக்கலாம். சரித்திர ஆசிரியருக்கு நாளை பயன்படும்.

பிரான்சின் சிற்றூர்ச் சதுக்கங்களில், முதலாம் உலகப் போரில் மாண்ட அவ்வூர் இளைஞரின் பெயர்களைக் கல்லிற் பொறித்து நிறுத்தியுள்ளனர். வண்டியை நிறுத்தி அப்பெயர்களைப் படிக்காமல் ஓர் ஊரையும் கடக்க என்னால் இயலவில்லை என்று என் பழைய மாணவர் பின்னர் எழுதியிருந்தார். கவர்த்த வழிகளில் மரா மரத்தின் கீழ் நின்ற நடுகற்களை, வீழ்ந்தோர் பெயர் பொறித்த கற்களை, மலைபடுகடாமும் காட்டுகின்றது. வடவழியில் மாண்ட நம்மவர்க்கு அவ்வாறு ஊர்தோறும் பெயர் எழுதல் கூடாது. அவர் பெயர்களை அப்போது எவரும் ஏட்டிற் பதியவில்லை. அந்நூலிலேயே வேறொரு குறிப்புண்டு. முன் செல்லும் கூத்தன், இரண்டாய்ப் பிரியும் இடத்தைக் கையாற் துடைத்து, பின்னே வருவோர் அறியப் புல்லை முடிந்து வைத்துச் செல்லல் வேண்டும் என்கிறார் புலவர். பெயர்க்கல் நாட்ட இயலாதார்க்கும் புல் முடிதல் இயலும். என் மாணாக்கரின் சிறுநூல் அத்தகைய புல்முடிச்சாக அமைந்தாற் போதும்.

மாத்தளைக்கு அப்பால் நடைபயணத்தார் செல்லவில்லை. நம் பிள்ளைகள் செல்லவேண்டும். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி வரை பெரிய இடரில்லை. கினிகத்தேனையில் மலை தொடங்கும். அங்கிருந்து வட்டவளை வழியாக ஹட்டன் ஏறுதற்கு ஒரு பகல் முழுதும் ஒதுக்குக. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,250 மீற்றருக்கு மேல் உள்ளது. வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிச் செல்லுதலில் நாணம் வேண்டா. புறப்படுமுன் மண்சரிவு பற்றி விசாரித்தல் வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையக வீதிகள் பட்ட பாட்டைக் கண்டவர்கள் சென்ற ஆண்டு எழுதிய வழியை இந்த ஆண்டு அப்படியே நம்பமாட்டார்கள்.

இறுதி நாட்பயணம் ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியா வரை, சிறியது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக வழி வளையும். 1960-களின் இறுதியில் அந்நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதனுள் மூழ்கிற்று. இன்றைய நகரம் மேட்டில் அமைந்த புதியது. மழை குறைந்து நீர் வற்றும் மாதங்களில் பழைய கோவிலின் எச்சங்கள் சேற்றினின்று வெளிப்படும். மாசிக் கடைசியில் வந்து சேர்வோர்க்கு அவற்றைக் காணுதல் கூடும். சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் பேரூந்துகள் அக்காலத்தில் இரவும் பகலும் இவ்வழி விரையும். ஆதலின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வீதியின் இடப்பக்கம் ஒட்டியே வருக. பிற்பகல் மூன்று மணிக்கு முன் நகரை அடைதல் நன்று. அதன்பின் மலையிலிருந்து மூடுபனி இறங்கிவிடும்.